துவரம்பருப்பால் எடை பார்த்த விமானம்

கல்லூரியில் படித்தபோது மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தவன் நான். இதைக் கல்கத்தா முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வங்கியில் சொன்னேன், டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன், பாலிகஞ்சில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரரிடமும் சொன்னேன். பொய் இல்லை. இருந்தேன், மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் நான் கிட்டப் போய்ப் பார்த்த ஒரே விமானம், அதிகாரியின் மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த பித்தளை விமானம். நான்காவது வாரம் கால் சுளுக்கிக்கொண்டது. சுளுக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது, நான்தான் திரும்பிப் போகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்காரரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார், நானும் என் மனைவியும் மாடியில். அவர் கப்பலில் இன்ஜினியராக உலகம் சுற்றி ஓய்வு பெற்றவர். பவானிபூரில் பிறந்த தமிழர். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. மணந்துகொண்டது வங்காளப் பெண்ணை. அவரை நாங்கள் மாமா என்றோம், அவர் மனைவியை, தெருவே அழைக்கிறபடி, மாஷிமா என்றோம். வங்காளிக்கு மாமா என்றால் அம்மாவின் அண்ணன் தம்பி, மாஷி என்றால் அம்மாவின் அக்கா தங்கை. ஆக, எதிர்வீட்டுக்காரர்கள் காதில் நாங்கள் ஒரு தம்பதியைத் தினமும் உடன்பிறந்தவர்களாக்கிக்கொண்டிருந்தோம். மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாஷிமா சிரிக்க மாட்டாள்.

ஒரு மார்கழிக் குளிரில் மாமாவுக்கு லேசான பக்கவாதம். வாய் பிழைத்தது, கால் பிழைத்தது, இடது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. டாக்டர், விரல்களுக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுங்கள் என்றார். ஜெர்மனியில் இருந்த மகன் ஒரு பெட்டி அனுப்பினான். பெட்டிக்குள் தக்கையைவிட லேசான மரத்தகடுகள், ஒரு சின்ன மின்மோட்டார், பாட்டரி, ரேடியோவால் இயக்கும் சாதனங்கள், எங்கள் சாப்பாட்டு மேசை அளவு பெரிய வரைபடம். எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தால் ஐந்தடி இறக்கையுள்ள விமானம் வரும்.

எட்டு மாதம் செய்தார். ஒன்றரைக் கையால் செய்தார். இறக்கையின் விலா எலும்பு ஒவ்வொன்றையும் வலது கையால் வெட்டி, இடது கையின் பலமில்லாத விரல்களால் அழுத்திப் பிடித்து ஒட்டினார். ஒட்டினது காய்வதற்குள் விரல் நழுவினால் வங்காளியில் ஒரு வசவு, தமிழில் ஒரு வசவு, பிறகு துறைமுகங்களில் பொறுக்கிய இன்னும் நாலு பாஷைகளில். மாடியில் உட்கார்ந்தே எத்தனை விலா எலும்பு முடிந்தது என்று எண்ணிவிடுவோம்.

ஆவணி முடியும்போது விமானம் தனித்தனித் துண்டுகளாகத் தயாராகிவிட்டது. ஒரு சாயங்காலம் கீழேயிருந்து குரல்.

"ஓய், ஆகாசப்படை! கீழ இறங்கி வாரும்."

போனேன். மேசைமேல் வெள்ளை இறக்கை, சிவப்பு உடல், வால்.

"இனிமே கடைசிக் கோப்பு. இறக்கையை மாட்டணும், வாலுக்குக் கம்பி இழுக்கணும், பாலன்ஸ் பார்க்கணும். இதுக்கு ரெண்டு முழுக் கை வேணும். என்கிட்ட ஒண்ணரைதான் இருக்கு. நீர் விமானப் பிரிவாச்சே!"

"ஆமாம் மாமா," என்றது என் வாய். மற்ற உறுப்புகள் எல்லாம் வேண்டாம் என்றன.

"விஸ்வகர்மா பூஜையன்னிக்குப் பறக்கணும். நான்தான் பறக்க விடுவேன், நீர் இல்லை." ரேடியோப் பெட்டியை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு குச்சிகள். "வலது கட்டைவிரல் திருப்பும், மோட்டாரைப் போடும், நிறுத்தும். இடது கட்டைவிரல் மூக்கை ஏத்தும், இறக்கும். தெரியறதா?"

தெரிந்தது. இடது கட்டைவிரலைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். அது காற்றில்லாத நாளின் கொடிபோல் லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது உசிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு எனக்குத் தெரியணும், ஓய். டாக்டர் சொல்ல மாட்டேங்கறான். இந்த விமானம்தான் சொல்லணும். விமானம் விழுந்துதுன்னா இதைப் பத்தி இனிமே பேச வேண்டாம். ஒரு கையோட மிச்சக் காலத்தை ஓட்டிடறேன்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு மூன்று நாள் தூக்கம் ஒழுங்காக வரவில்லை. விஷயம் எளிது. நான் ஒரு திருகாணியைத் தப்பாக மாட்டினாலும் விமானம் விழும். விழுந்தால் அவர் என்னைத் திட்ட மாட்டார், விரலைத்தான் திட்டுவார்.

கோப்பு வேலை எங்கள் மாடிச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. கீழ்வீட்டு மேசையை மாஷிமா பூஜைக்கு வரும் விருந்தாளிகளுக்காகத் திரும்பப் பறிமுதல் செய்துவிட்டாள். மாமா படியேறக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. ஆகவே அவர் முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு மேலே பார்த்துக் கத்துவார், நான் ஜன்னல் வழியாகப் பதில் கத்துவேன். அந்தத் தெருவே எங்கள் விமானத்தைக் கோத்தது.

"வால் கம்பி மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு மாமா!"

"குச்சியை உம்ம பக்கமா இழுத்தா வாலோட மடல் எங்க போறது?"

இழுத்தேன். "கீழ போறது!"

"கீழயா? சே! மேல போகணுமய்யா! மூக்கு ஏற வேண்டிய நேரத்துல தரையில குத்தி நிக்கப் போறது!"

எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்து, "மேல போகணும்," என்று எனக்கு வங்காளியில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். கம்பியைக் கழற்றி மறுபக்கத் துளையில் மாட்டினேன். மேலே போனது. விமானப் பிரிவில் இதையெல்லாம் நான்காவது வாரம்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இனி பாலன்ஸ். இறக்கையின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, வரைபடப்படி இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் தாங்கினால் விமானம் தராசு முள்ளைப்போல் நேராக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மேலே போனதும் குடித்தவன் மாதிரி எழும்பி எழும்பி விழும். மூக்கு தாழ்ந்தால் பறக்கிற நேரம் முழுக்க இடது கட்டைவிரலால் குச்சியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாமாவின் விரலுக்கு எது கூடவே கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூக்குக்குத் தேவைப்பட்டால் வைக்க ஈயம் வேண்டும். தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஈயக்குண்டு கேட்டேன்.

"என்ன மீனுக்கு? ரூயியா, காத்லாவா?" என்றார் கடைக்காரர்.

"ஏரோப்ளேனுக்கு."

அவர் முகம் மாறவில்லை. கொஞ்சம் யோசித்து, "அப்படியானால் சின்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிதாக இருந்தால் சந்தேகப்படும்," என்று பொட்டலம் கட்டினார். வெங்காயம்கூடச் சேர்க்காத எங்கள் வீட்டுக்குள் மீன்பிடிச் சாமான் நுழைந்தது அன்றுதான்.

விமானத்தில் எல்லாவற்றையும்விடக் கனமானது பாட்டரி. அது மூக்குக்குள் உட்காரும். அதைச் சார்ஜ் ஏற்ற ஓர் இரவு முழுக்க மின்சாரம் வேண்டும். அந்தக் காலக் கல்கத்தாவில் ஓர் இரவு முழுக்க மின்சாரம் என்பது, மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளை நாளைக்கே மூடிவிடுவார்கள் என்பதைப் போன்ற ஓர் ஆசை. லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டு எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாது. அதனால் மாமாவுக்குத் தெரிந்த ஒரு மோட்டார் காரேஜில், கார் பாட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். முதல் நாள் மத்தியானமே பாட்டரியைக் கொடுத்துவிட வேண்டும்.

பாட்டரி அங்கே, விமானம் இங்கே. பாட்டரி இல்லாமல் பாலன்ஸ் எப்படிப் பார்ப்பது? என் மூளை வாழ்க்கையில் எனக்குத் துரோகம் செய்த சந்தர்ப்பங்களில் மிகச் சாமர்த்தியமானது இது. காரேஜுக்குப் போகும் வழியில் லேக் மார்க்கெட் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் நின்றேன். தராசின் ஒரு தட்டில் பாட்டரியை வைத்தேன்.

"அண்ணாச்சி, இதுக்குச் சமமா ஏதாவது நிறுத்துக் குடுங்க."

"ஏதாவதுன்னா என்னத்தச் சார்? எனக்கு வியாபாரமாத்தான வேணும்?"

"துவரம்பருப்பு. பிளேனுக்குத்தான்."

அண்ணாச்சி பருப்பை அள்ளினார், இரண்டு பருப்பு போட்டார், ஒரு பருப்பு எடுத்தார். முள் நடுவில் நின்றது. "பாட்டரிக்குப் பருப்பு குடுத்தது எங்க அப்பா காலத்துலயிருந்து இதான் முதத் தடவ. பிளேன்ல போட்டு எங்க கொண்டு போறிய?"

"எங்கயும் போகலை அண்ணாச்சி. பருப்பு பாட்டரி மாதிரி நடிக்கணும், அவ்வளவுதான்."

"நல்லா வேவும், நல்ல பருப்பு சார்," என்று காகிதப் பொட்டலத்தை நூலால் சுற்றிக் கொடுத்தார்.

பாட்டரியைக் காரேஜில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பொட்டலத்தை விமானத்தின் மூக்குக்குள் வைத்தேன். இரண்டு ஊறுகாய் ஜாடிகள், அவற்றின்மேல் ரப்பர் முனை மேலே இருக்கும்படி குத்தி நிறுத்திய இரண்டு பென்சில்கள். விமானத்தை மெதுவாக இறக்கினேன். நின்றது! நேராக, ஆடாமல். ஒரு ஈயக்குண்டுகூடத் தேவைப்படவில்லை. மாமாவின் எட்டு மாத வேலை அவ்வளவு சுத்தம். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கீழே ஓடிப்போய்ச் செய்தி சொன்னேன். மாஷிமா சந்தேஷ் இனிப்பு ஒன்று கொடுத்தாள். மாமா இன்னொன்று கொடுக்கச் சொன்னார். எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னலிலிருந்து தலையாட்டினார். ஒரு மணி நேரம் கீழேயே பெருமையில் ஊறினேன்.

சாயங்காலம், எல்லாம் முடிந்தபின் ஒரு தடவை சரிபார்த்துவிடுவோம் என்று மறுபடி பொட்டலத்தை மூக்கில் வைத்து விமானத்தைப் பென்சில்கள்மேல் இறக்கினேன். வால் தொப்பென்று உட்கார்ந்தது.

எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி வால்.

அந்த நேரம் பார்த்து லோட்ஷெட்டிங். தெருவே "ஹோ" என்று கத்தியது. நான் மட்டும் சந்தோஷப்பட்டேன், மின்விசிறிக் காற்றுதான் வாலை அழுத்துகிறது என்று நினைத்து. அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு, மூச்சையும் நிறுத்திக்கொண்டு வைத்தேன். வால் இன்னும் நிதானமாக, என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கினமாதிரி இறங்கியது.

மத்தியானம் நின்றது, சாயங்காலம் நிற்கவில்லை. புழுக்கத்தில் மரம் தண்ணீர் குடித்துவிட்டதா? வாலில் பல்லி ஏதாவது குடியேறியதா? வாலை உலுக்கிக் காதில் வைத்துக் கேட்டேன். பல்லி இருந்தால் அதுவும் பயத்தில் பேசாமல் இருந்திருக்கும்.

முற்றத்திலிருந்து குரல் வந்தது. "ஓய்! இன்னும் நிக்கறதா?"

"நிக்கறது மாமா!" என்று இருட்டில் கத்தினேன். இருட்டில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை லோட்ஷெட்டிங்கைத் திட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை.

பிறகு இரண்டு டியூப் கோந்தைக் கலந்து, மூக்கின் உட்சுவரில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஏழாவது குண்டில் விமானம் நேராக நின்றது. கோந்து கல்லாக இறுகியது. இனி உளியால் செதுக்கினாலும் வராது. சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி சாம்பார் வைத்திருந்தாள். நிம்மதியில் மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. வங்காளத்தில் அன்று இரண்டு காரியம் நடக்கும். எந்த இயந்திரமும் ஓடாது, ஆயுதங்களுக்கெல்லாம் பூஜை. கல்கத்தாவின் ஒவ்வொரு மொட்டைமாடியிலிருந்தும் பட்டம் ஏறும். இந்த இரண்டையும் பிறந்ததிலிருந்து பார்த்த மாமாவும், பத்து வருடம் பார்த்த நானும், ஓர் இயந்திரத்தை ஆகாயத்தில் ஓட்ட அந்த நாளையே தேர்ந்தெடுத்திருந்தோம். பட்டங்கள் எழுவதற்கு முன் காலை ஆறரைக்கெல்லாம் பறந்து முடித்துவிடலாம் என்பது எங்கள் திட்டம்.

விடிந்ததும் காரேஜுக்குப் போனேன். உள்ளே பந்தல். யானைமேல் விஸ்வகர்மா. அவர் காலடியில் ஸ்பேனர்கள், ஜாக்கி, டயர் லீவர், நடுவில் குங்குமம் வைத்து சாமந்திப்பூ செருகிய எங்கள் பாட்டரி.

"தாதா, பாட்டரி?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

காரேஜ்காரர் கையைக் கூப்பினார். "பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. புரோகிதர் பட்டாச்சார்ஜி மோஷாய் வந்துகொண்டே இருக்கிறார்."

"எப்போ வருவார்?"

"இது பதினோராவது காரேஜ். முதல் காரேஜில் இருக்கிறார்."

நான் கெஞ்சினேன். எங்கள் வழக்கத்தில் ஆயுத பூஜை அடுத்த மாசம்தான், அதனால் தமிழன் பாட்டரிக்கு இன்று தடை இல்லை என்று வாதாடினேன். அவர் நியாயமான மனிதர், யோசித்துப் பார்த்தார். "பாட்டரி தமிழ்ப் பாட்டரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் கரண்ட் என் காரேஜ் கரண்ட்," என்றார். புரோகிதர் வந்து, பூவையும் அறுகம்புல்லையும் என் தலையிலும் போட்டு, பாட்டரி என் கைக்கு வந்தபோது மணி எட்டரை.

டாக்சியில் மைதானத்துக்குப் போனோம். முன்னால் மாமா, மடியில் ரேடியோப் பெட்டி. பின்னால் நான், என் மனைவி, மாஷிமா, எங்கள் மூவரின் மடியிலும் குறுக்காக இறக்கை. இறங்கியதும் டீ விற்பவரிடம் ஆளுக்கொரு மண்குவளை டீ வாங்கிக் குடித்தோம். தூரத்தில் இரண்டு மூன்று பட்டங்கள் கிளம்பியிருந்தன. புல் ஈரமாக இருந்தது.

இறக்கையை மாட்டினேன். பருப்புப் பொட்டலத்தை மூக்கிலிருந்து எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டு பாட்டரியை வைத்தேன். என் மனைவி முந்தானையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து விமானத்தின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். "புது வண்டின்னா! நசுக்கிட்டுக் கிளம்பணும்," என்றாள். நாலைந்து ஆள் சேர்ந்து தள்ளினாலும் நசுங்காத பழம். விமானம் அதன்மேல் ஏறி நின்றுகொண்டது.

பழத்தை எடுக்க விமானத்தை இறக்கைப் புள்ளிகளில் இரு விரலால் தூக்கினேன். மூக்கு குபீரென்று தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது.

வைத்துவிட்டுத் தூக்கினேன். மூக்கு. நேற்று வால், இன்று மூக்கு. மனைவி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். அது நேற்று மத்தியானம் இருந்ததைவிட ஒல்லியாக இருப்பதுபோலிருந்தது.

"ஏண்டி, இந்தப் பருப்பை நீ தொட்டியா?" என்று கிசுகிசுத்தேன்.

"ரெண்டு பிடி எடுத்துண்டேன், சாம்பாருக்கு. மேஜைமேல இருந்துது. மறுபடி நூல் சுத்தி வெச்சுட்டேனே? ஏன்னா, அதுக்கென்ன?"

அதற்கென்ன! பருப்பு குறைந்ததால் வால் தாழ்ந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட நான் ஏழு ஈயக்குண்டை ஒட்டியிருக்கிறேன். இப்போது முழு பாட்டரியும் ஏறியதால் மூக்கில் ஏழு குண்டும் அதிகப்படி. நேற்று இரவு நான் மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டது விமானத்தின் பாலன்ஸை.

மாமா பத்தடி தள்ளி நின்று ரேடியோப் பெட்டியின் ஏரியலை இழுத்துக்கொண்டிருந்தார். இடது கட்டைவிரலைக் குச்சிமேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் இருக்கலாம். விமானம் மூக்கால் குத்தும், அவர் விரலைப் பார்ப்பார், சரி என்று பெட்டியை மூடிவிடுவார். யாருக்கும் தெரியாது. என் மானம் அப்படியே இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு பத்து விநாடி அப்படித்தான் நின்றேன்.

"மாமா," என்றேன். "பறக்க விடாதீங்கோ. மூக்கு கனம். தப்பு என்னுது."

சொன்னேன். பருப்பு, சாம்பார், இருட்டு, ஈயக்குண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேகத்தில், விமானப் பிரிவில் மூன்று வாரம்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

மாஷிமா, "கீ ஷர்போநாஷ்!" என்று, சர்வநாசம் வந்துவிட்டதுபோல், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"சாம்பார் நன்னா இருந்துதா?" என்றார் மாமா.

"இருந்தது மாமா."

"இருக்கணும். எட்டு மாச உழைப்பு." பிறகு குரல் மாறியது. "நீர் மட்டும் சொல்லாம விட்டிருந்தீர்னா, ஓய்..." என்று ஆரம்பித்து, மீதியை வங்காளியில் சொன்னார். மாஷிமா அவர் வாயைப் பொத்தினாள்.

ஈயத்தைப் பெயர்க்க முடியாது. வாலில் எடை ஏற்ற வேண்டும். மைதானத்தில் என்ன இருக்கிறது? காலடியில் நாங்கள் டீ குடித்துவிட்டுப் போட்ட மண்குவளைகள் இருந்தன. மாமா ஒன்றைச் செருப்பால் மிதித்து உடைத்தார். நான் விமானத்தை விரல்களில் தாங்கிக்கொள்ள, மாஷிமா தன் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஓட்டுத் துண்டுகளை வாலுக்கடியில் ஒட்டினாள். மீன்காரனிடம் பேரம் பேசுகிற அதே முகத்தோடு ஒட்டினாள். "இன்னும் சின்னது குடு. இல்லே, இது பெரிசு. நீ ஆடாதே, கை ஆடுது." ஐந்தாவது துண்டில் விமானம் நேராக நின்றது. "ஹோயே கேச்சே," என்றாள். ஆயிற்று.

அதற்குள் ஆகாயத்தில் பட்டங்கள் ஐம்பதாகிவிட்டன.

"நாளைக்கு வெச்சுக்கலாமே மாமா," என்றேன்.

"நாளைக்கு இந்த விரலுக்குத் தைரியம் இருக்குமோ என்னமோ. தூக்கும்."

விமானத்தைத் தலைக்குமேல் தூக்கினேன். மோட்டார் பெரிய வண்டுபோல் உறுமியது. நான் ஓடி, சரியான வேகம் வந்ததும் எதிர்க்காற்றில் விட வேண்டும். ஓடினேன். ஓடிக்கொண்டே இருந்தேன்.

"விடுமய்யா!"

விட மனசு வரவில்லை. என் கையில் இருக்கும்வரை அது விழாது அல்லவா?

"விடும் ஓய்! கங்கையில போய் விழப்போறீர்!"

விட்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். சத்தம் தேய்ந்துகொண்டே போனது, மோதும் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அது எனக்கு மேலே மரங்களின் உயரத்தில், வெள்ளை இறக்கையில் வெயில் பட, சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மாமாவைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். இடது கட்டைவிரல் குச்சிமேல் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நழுவவில்லை. அது நடுங்கும்போதெல்லாம் மேலே விமானமும் கொஞ்சம் தலையாட்டியது.

இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு கறுப்புப் பட்டத்தின் நூலில் நேராகப் போய் நுழைந்தது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல். இறக்கை ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த விநாடி, மோட்டாரின் சுழலி அந்த நூலை வெட்டிவிட்டது. பட்டம் துவண்டு மிதந்து போனது. மைதானத்தின் ஓரத்திலிருந்து ஐம்பது தொண்டைகள், பட்டம் அறுந்தால் கல்கத்தா கத்துகிற அந்தக் கத்தல் கத்தின. "போ காட்டா!"

ஆனால் அறுந்த நூல் சுழலியில் சுற்றிக்கொண்டது. மோட்டார் நின்றுவிட்டது. ஆகாயத்தில் சத்தமே இல்லை.

"மாமா, மோட்டார்!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். "குடுங்கோ, நான் பிடிக்கறேன், குடுங்கோ!" நான் பிடித்து என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருப்பேன்.

"கையை எடும்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

இனி அது சறுக்கித்தான் இறங்க வேண்டும். மோட்டார் இல்லாததால் இன்னொரு முயற்சிக்கு இடமில்லை. மூக்கை ரொம்பத் தூக்கினால் நின்றுபோய் விழும், விட்டுவிட்டால் குத்தும். ஒரே சீராக, சிறுகச் சிறுக இழுக்க வேண்டும், இடது கட்டைவிரலால். மாஷிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவி ஏதோ சுலோகம் சொன்னாள், பாதியில் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். விமானம் புல்லை நோக்கி வந்தது, வந்தது, ஓர் ஆள் உயரத்தில் வந்தது, முழங்கால் உயரத்தில் வந்தது. கடைசியில் மூக்கு மெல்ல ஒரு விரற்கடை உயர்ந்து, இரண்டு சக்கரமும் ஈரப் புல்லைத் தொட்டு ஓடி, ஒரு குட்டையில் இறங்கி, சேற்றை வாரி எங்கள்மேல் அடித்துவிட்டு நின்றது.

பட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள். பட்டத்தை இழந்தவர்தான் முதலில் வந்தார், சண்டைக்கு. மாமாவின் இடது கையைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டார். நான் விமானத்தைக் குட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். எதுவும் உடையவில்லை. மண்குவளைத் துண்டுகள்கூட ஒட்டியது ஒட்டியபடி இருந்தன.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். பெட்டியை வாங்கிக்கொள்ளப் போனேன். வரவில்லை. பார்த்தால், இடது கட்டைவிரல் குச்சியைச் சுற்றி மடங்கி, பிடித்த பிடியில் மரத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மாஷிமா பதறிப்போய் அதைப் பிரிக்கப் போனாள். நானும் குனிந்து ஊதினேன், எதற்கு என்று தெரியாமலே.

"விடுங்கோ, தொடாதீங்கோ," என்றார் மாமா. முகமெல்லாம் சேறு. "எட்டு மாசமாக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத பயல் இன்னிக்கு வந்திருக்கான். போக மாட்டேங்கறான். இருந்துட்டுப் போகட்டுமே, ஓய். என்ன அவசரம்?"

டாக்சியில் பவானிபூர் தாண்டும்வரை அது அங்கேயேதான் இருந்தது.